மாதம் 85 சென்ட்

“இங்கெல்லாம் லஞ்சமே கிடையாது இல்ல?” ஊரிலிருந்து யார் வந்து தங்கினாலும் ஏதாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்துவிடும். போன கோடையில் வந்திருந்த சித்தப்பா கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, தீர்ப்பாகவே சொல்லிவிட்டார். மகளின் ஓட்டுநர் உரிமத்துக்காகப் போனபோது அவரும் கூட வந்திருந்தார். டோக்கன் வாங்கினோம், உட்கார்ந்தோம், கூப்பிட்டதும் போய்ப் பணம் கட்டி ரசீதோடு வெளியே வந்துவிட்டோம். நடுவில் யாரும் தலையைச் சொறியவில்லை, ‘பார்த்துச் செய்யுங்க’ என்று இழுக்கவில்லை. பட்டா மாற்றவும் மின் இணைப்பு வாங்கவும் வருஷக்கணக்கில் அலைந்த மனிதருக்கு அது பெரிய விஷயம். எனக்கும்தான். கிளீவ்லாந்து பக்கம் குடியேறிய நாளிலிருந்து ஒரு அரசு ஊழியருக்கு ஒரு டாலர்கூட நான் கொடுத்ததில்லை. ஆனாலும் “ஆமாம் சித்தப்பா” என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் இருக்கும் இதே ஒஹாயோ மாநிலத்தில்தான் ஒரு மின்சாரக் கம்பெனி சுமார் 6 கோடி டாலர் இறைத்து, தனக்கு வேண்டிய சட்டத்தை வாங்கியது.

வாங்கியது என்பதை நான் கோபத்தில் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் நிரூபணமானது, கம்பெனியே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது. 2020 ஜூலையில் செய்தி வந்த நாளிலிருந்து இதை விடாமல் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, அந்தக் குற்றத்தைவிட அதைச் சுற்றி நடந்த, குற்றம் என்று யாரும் சொல்லாத காரியங்கள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன.

அந்த மின்சாரக் கம்பெனியின் பேர் ஃபர்ஸ்ட்எனர்ஜி, தலைமையகம் ஆக்ரன் நகரத்தில். அதன் துணை நிறுவனம் ஒன்றிடம் ஈரி ஏரிக்கரையில் இரண்டு அணுமின் நிலையங்கள் இருந்தன. ஒன்று டொலிடோ பக்கம் டேவிஸ்-பெஸ்ஸி, இன்னொன்று கிளீவ்லாந்துக்குக் கிழக்கே பெர்ரி. பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் எரிவாயு வந்து மின்சாரம் மலிவானதும் இரண்டுக்கும் கட்டுப்படியாகவில்லை. 2018 மார்ச்சில் அந்தத் துணை நிறுவனம் திவால் மனு போட்டது. வாஷிங்டனில் உதவி கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் முதலில் கொண்டுவந்த மசோதாக்களும் தேறவில்லை. சரி, இருக்கிற சட்டமன்றம் சட்டம் போடாவிட்டால், போடுகிற சட்டமன்றத்தை உண்டாக்கிவிடலாம் என்று இறங்கினார்கள்.

அதற்குக் கிடைத்த ஆள் லாரி ஹவுஸ்ஹோல்டர். 2001 முதல் 2004 வரை ஒஹாயோ கீழவையின் சபாநாயகராக இருந்தவர், மறுபடியும் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார். நம்மூர் சபாநாயகரை மனதில் வைத்து இதைப் படிக்கக் கூடாது. இங்கே சபாநாயகர்தான் பெரும்பான்மைக் கட்சியின் அவைத் தலைவர். எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், எது கடைசிவரை தூங்கும், யாருக்குத் தேர்தல் நிதி போகும் என்பதெல்லாம் அவர் கையில். 2017 ஜனவரியில் டிரம்ப்பின் பதவியேற்புக்கு ஹவுஸ்ஹோல்டர் வாஷிங்டன் போனது ஃபர்ஸ்ட்எனர்ஜியின் விமானத்தில். கொஞ்ச நாளில் ‘ஜெனரேஷன் நவ்’ என்று ஒரு அமைப்பு பதிவானது. வருமான வரிச் சட்டப்படி அது சமூக நல அமைப்பு. பணம் யாரிடமிருந்து வருகிறது என்று வெளியே சொல்ல வேண்டியதில்லை. அந்த மார்ச்சிலிருந்து காலாண்டுக்கு 2,50,000 டாலர் என்று கம்பெனிப் பணம் அதற்குள் போக ஆரம்பித்தது. 2018 தேர்தலில் ஹவுஸ்ஹோல்டரின் ஆட்களாக நின்றவர்களுக்கு அந்தப் பணம் விளம்பரமாகவும் துண்டுப் பிரசுரமாகவும் இறங்கியது. 2019 ஜனவரியில், எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகளின் ஓட்டையும் சேர்த்துக்கொண்டு, அவர் சபாநாயகரானார். ஏப்ரலில் மசோதா வந்தது. ஹவுஸ் பில் 6.

யாருக்கும் வலிக்காத தொகை

மசோதா கேட்டது என்ன? அணுமின் நிலையங்களுக்காக வீட்டுக்கு மாதம் 85 சென்ட். நிலக்கரிக்காக அதிகபட்சம் ஒன்றரை டாலர். கூட்டிப் பார்த்தாலும் ஒரு காபி விலை வராது. ஆனால் மாநிலத்தில் கரன்ட் பில் கட்டுகிற ஒவ்வொருவரிடமும் வாங்கினால் அணு உலைகளுக்கு மட்டும் வருஷம் 15 கோடி டாலர். எல்லாம் சேர்த்து 130 கோடி டாலருக்கு மேல் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். அதாவது கம்பெனி ஒரு டாலர் போட்டால் இருபது டாலருக்கு மேல் எடுக்கலாம். நேர்மையாக நடக்கும் எந்தத் தொழிலில் இந்த லாபம் வரும்?

இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கவுன்ட்டரில் ஒருவர் ஆயிரம் ரூபாய் கேட்டால் நமக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வீட்டுக்கு வந்தும் புலம்புகிறோம், பத்து வருஷம் கழித்தும் அந்த ஆளின் முகம் ஞாபகம் இருக்கிறது. பில்லின் கீழே ஒரு வரியாக 85 சென்ட் சேர்ந்தால் யார் கவனிப்பார்கள்? அதை எதிர்த்துத் தலைநகர் கொலம்பஸுக்குப் போக ஒரு நாள் லீவு போட்டால், பல வருஷத்துக்கு அந்தக் கட்டணத்தால் போகிற பணத்தைவிட அந்த ஒரு நாள் சம்பளம் அதிகம். பணம் கொடுப்பவருக்கு எதிர்ப்பது கட்டுப்படியாகாது. வாங்குபவருக்கோ அந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நாள் முழுக்கச் சம்பளத்துக்கு ஆள் நிறுத்துவது கட்டுப்படியாகிறது. சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசிக் கம்பெனிகளுக்குக் காரியம் சாதித்துக் கொடுக்கிற லாபியிஸ்ட் என்ற தொழிலின் அஸ்திவாரமே இந்த வித்தியாசம்தான். உறுப்பினர்களின் மனைவி, மக்கள் பேர்வரை தெரிந்து வைத்திருப்பார், மசோதாவின் வாசகத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார், தேர்தல் வந்தால் நிதி திரட்டும் விருந்துக்கு ஏற்பாடு செய்வார். இதில் எதுவும் சட்டவிரோதம் கிடையாது. பதிவு செய்துகொண்டு, செலவுக் கணக்குக் கொடுத்துவிட்டுச் செய்கிற தொழில்.

மசோதாவுக்குச் சுத்தமான காற்று என்று பேர் சொன்னார்கள். அதே மசோதா காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கு மாநிலம் வைத்திருந்த இலக்கை 12.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைத்தது, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் திட்டங்களை முடித்து வைத்தது. 1955இல் ஓட ஆரம்பித்த இரண்டு நிலக்கரி நிலையங்களுக்கு மானியமும் கொடுத்தது. அதில் ஒன்று ஒஹாயோவிலேயே இல்லை, பக்கத்து இண்டியானாவில் இருக்கிறது. 2019 ஜூலை 23 அன்று கீழவையில் 51க்கு 38 என்று கடைசி ஓட்டு முடிந்தது, அன்றே ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்துப் போட்டார். ஆளும் ரிபப்ளிகன் கட்சிக்குள்ளேயே எதிர்த்தவர்களும் உண்டு. டேவ் கிரீன்ஸ்பான் என்ற உறுப்பினர் சபாநாயகர் நெருக்கியும் மசியவில்லை. ‘எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் நீ கூட இல்லை’ என்ற பொருளில் சபாநாயகர் அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தது. தன் பதவிக்கு ஆபத்து என்று தெரிந்தும் எஃப்.பி.ஐ.யிடம் பேசிய அந்த ஒரு மனிதருக்கு இந்த மாநிலம் கடமைப்பட்டிருக்கிறது.

நூலக வாசலில் இரண்டு பேர்

சட்டம் வந்த பிறகும் மக்களுக்கு ஒரு வழி இருந்தது. ஒஹாயோ அரசியலமைப்பு கொடுத்திருக்கும் அருமையான உரிமை அது. பிடிக்காத சட்டத்தை எதிர்த்து 90 நாளில் போதுமான கையெழுத்து சேர்த்துவிட்டால், பொதுவாக்கெடுப்பு முடியும்வரை சட்டம் நிறுத்தி வைக்கப்படும். அப்போது தேவைப்பட்டது 2,65,774 கையெழுத்து, கடைசி நாள் 2019 அக்டோபர் 21. முதல் மனுவின் வாசகத்தை மாநில அட்டர்னி ஜெனரல் ஏற்கவில்லை, திருத்தி மறுபடி கொடுப்பதற்குள் 90 நாளில் ஒரு பெரிய பங்கு கரைந்துவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் பேட்டை நூலக வாசலில் ஒரு கல்லூரி வயதுப் பையன் அட்டையும் பேனாவுமாக நிற்பான். வருகிறவர்களிடம் இரண்டே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு அட்டையை நீட்டுவான். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவனுக்கு நாலடி தள்ளி இன்னொருவர் நின்றிருந்தார். நல்ல உயரம், தொப்பி, கையில் எதுவும் இல்லை. பையன் யாரிடம் வாயைத் திறந்தாலும் இவர் குறுக்கே வந்து, “கையெழுத்துப் போடாதீங்க, உங்க விவரமெல்லாம் வெளிநாட்டுக்குப் போகுது” என்பார். கத்தவில்லை, மிரட்டவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். முன்னால் போன ஒரு வயதான அம்மா பேனாவைக் கையில் வாங்கியவர், இவரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், எதுக்கு வம்பு என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் போட்டேன். போடும்போது அந்த மனிதர் என் தோளுக்குப் பின்னால் நின்று அதையே இன்னொரு முறை சொன்னார்.

அவரைக் கட்சி அபிமானி என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். மறுவருஷம் எஃப்.பி.ஐ. தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைப் படித்தபோதுதான் கூலிக்கு ஆள் வைத்து மாநிலம் முழுக்க இப்படித் தடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் மட்டும் கம்பெனியிடமிருந்து 3.8 கோடி டாலர் வந்திருக்கிறது. சட்டத்தை நிறைவேற்ற ஆனதைவிட மக்களைத் தடுக்க ஆன செலவு அதிகம். கையெழுத்து சேர்க்கும் தொழில் செய்கிற கம்பெனிகளை முந்திக்கொண்டு ஒப்பந்தம் போட்டார்கள், எதிர்த்தரப்புக்கு ஆள் கிடைக்கக் கூடாது என்பதற்காக. வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ரொக்கமும் ஊருக்குத் திரும்ப விமான டிக்கெட்டும் தருவதாகச் சொன்னார்கள். சட்ட மதிப்பே இல்லாத போட்டி மனு ஒன்றை அச்சடித்து, அதிலும் கையெழுத்து வாங்கினார்கள், எது எது என்று ஜனங்களுக்குக் குழம்பட்டும் என்று. டி.வி.யைத் திறந்தால் சீன அரசு நம் மின்சாரக் கட்டமைப்புக்குள் நுழைகிறது என்று விளம்பரம். மாநிலக் கட்சியின் முன்னாள் தலைவரும் லாபியிஸ்டுமான மேட் போர்ஜஸ், எதிர்த்தரப்பில் வேலை செய்த ஒருவரிடம், எவ்வளவு கையெழுத்து சேர்ந்திருக்கிறது என்ற உள் தகவலுக்கு 15,000 டாலர் பேசினார். அந்த மனிதர் நேராக எஃப்.பி.ஐ.க்குப் போனார். அதன்பிறகு போர்ஜஸ் பேசியதெல்லாம் பதிவானது.

கையெழுத்து போதவில்லை. மனு செத்தது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. சட்டமன்றத்தை வாங்கியது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குள் நடந்த பேரம் என்று ஒரு பெருமூச்சோடு விட்டுவிடலாம். ஆனால் நூலக வாசலில் பேனாவைத் திருப்பிக் கொடுத்த அந்த அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. அதையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தொப்பிக்காரருக்குக் கொடுத்த கூலி எங்கிருந்து வந்தது? கடைசியில் அந்த அம்மா மாதாமாதம் கட்டப்போகிற கரன்ட் பில்லிலிருந்து. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே அந்த நெய்யை ஊற்றியது ஊராரையே வாசலில் மறிப்பதற்கு.

எது குற்றமானது, எது ஆகவில்லை

2020 ஜூலை 21 காலையில் ஹவுஸ்ஹோல்டர், போர்ஜஸ், நீல் கிளார்க், யுவான் செஸ்பெடெஸ், ஜெஃப் லாங்ஸ்ட்ரெத் என்று ஐந்து பேரைக் கைது செய்தார்கள். ஒருவர் சபாநாயகர், மூன்று பேர் லாபியிஸ்டுகள், ஒருவர் தேர்தல் வியூகம் பார்ப்பவர். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. குற்றப்பத்திரிகையோடு நவம்பர் தேர்தலில் நின்ற ஹவுஸ்ஹோல்டர் தொகுதியில் ஜெயித்தார். வாக்குச்சீட்டில் எதிர்த்து அச்சான பெயரே கிடையாது. 2021 ஜூனில்தான் அவையிலிருந்து நீக்கினார்கள். 2023 மார்ச்சில் சின்சினாட்டியில் ஜூரி அவரையும் போர்ஜஸையும் குற்றவாளிகள் என்றது. ஜூனில் அவருக்கு 20 வருஷம், போர்ஜஸுக்கு 5 வருஷம். கம்பெனி 23 கோடி டாலர் அபராதத்தை ஒப்புக்கொண்டு வழக்கைத் தள்ளிவைத்துக்கொண்டது.

விசாரணையில் அவர்கள் தரப்பு வாதத்தைக் கவனமாகப் படித்தேன். சுருக்கமாகச் சொன்னால், இது வழக்கமான அரசியல்தான், எல்லோரும் நிதி திரட்டுகிறார்கள், நாங்களும் திரட்டினோம் என்பது. இதைப் படித்துவிட்டு எரிச்சலோடு கடந்து போக முடியவில்லை, ஏனென்றால் பாதி உண்மை. கம்பெனி கணக்கில்லாமல் அரசியலுக்குச் செலவழிக்கலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெயர் சொல்லாத அமைப்புக்குக் கொடுப்பது சட்டப்படி சரி. லாபியிஸ்ட் வைத்துக்கொள்வது சரி. சீனா வருகிறது என்று விளம்பரம் போடுவது சரி. நூலக வாசலில் ஆள் நிறுத்துவதுகூடச் சரி. ‘இந்தச் சட்டத்துக்கு இந்தப் பணம்’ என்று கைமாறாகப் பேசிக்கொண்டதும், அதில் 5 லட்சம் டாலருக்கு நெருக்கமாகத் தன் கடனுக்கும் வழக்குச் செலவுக்கும் ஃப்ளோரிடா வீட்டு ரிப்பேருக்கும் ஹவுஸ்ஹோல்டர் எடுத்துக்கொண்டதும்தான் மாட்டிவிட்டது. கொஞ்சம் நாவடக்கத்தோடும் சொந்தச் செலவுக்குத் தொடாமலும் இருந்திருந்தால்? அதே 6 கோடி, அதே சட்டம், அதே 85 சென்ட். சிறைக்குப் போக ஆளே இருந்திருக்காது.

மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில ஆணையத்தின் தலைவராக 2019இல் சாம் ராண்டஸோ நியமிக்கப்பட்டார். அதற்குச் சற்று முன் கம்பெனி அவருக்குக் கொடுத்தது 43 லட்சம் டாலர், அதையும் கம்பெனி தன் ஒப்புதலில் சொல்லியிருக்கிறது. அவர் குற்றத்தை மறுத்தார், விசாரணை நடக்கும் முன்பே 2024 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். நீல் கிளார்க்கும் 2021இல் அப்படித்தான் இறந்தார். பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு சாவையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் சட்டம் குற்றத்தின் எல்லையை இன்னும் சுருக்கிக்கொண்டே போகிறது. பக்கத்து இண்டியானாவில் போர்ட்டேஜ் என்ற ஊர் மேயர், நகராட்சிக்கு லாரி விற்ற கம்பெனியிடமிருந்து ஒப்பந்தம் முடிந்த பிறகு 13,000 டாலர் வாங்கினார். காரியம் முடிந்தபின் நன்றியாகக் கொடுத்தால் அந்த மத்திய லஞ்சச் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னால் கொடுத்தால் லஞ்சம், பின்னால் கொடுத்தால் நன்றி. சித்தப்பா வேலை பார்த்த காலத்தில் அந்த ஊர் ஆபீஸ்களில் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துக் கதையும் ரொம்பத் தள்ளி இல்லை. தேர்தல் பத்திரம் என்று ஆறேழு வருஷம் ஒன்று சட்டப்படியே நடந்தது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து பட்டியலை வெளியிட வைத்த பிறகுதான், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்ததும், அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனதும் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குக் கைமாறு நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கக்கூட முடியாதபடி இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தார்களே, அதுதான் என் ஆதங்கம். அந்த விஷயத்தில் புது தில்லி ஒஹாயோவைவிட ஒரு படி முன்னால் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

ஏனென்றால் பேர் சொல்லாத பணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது இங்கே நடக்கவில்லை. அணு உலை மானியத்தை நீதிமன்றம் முதலில் நிறுத்தியது, 2021 மார்ச்சில் சட்டமன்றமே ரத்து செய்தது. அந்த 85 சென்ட் கடைசியில் வசூலாகவே இல்லை. நிலக்கரிக் கட்டணத்தை மட்டும் தொடவில்லை. சபாநாயகர் சிறைக்குப் போன பிறகும் அவர் கொண்டுவந்த சட்டத்தின் அந்தப் பகுதிக்கு நாங்கள் பணம் கட்டிக்கொண்டேயிருந்தோம், 2025இல் இன்னொரு சட்டம் வந்து நிறுத்தும்வரை. ஜெனரேஷன் நவ் மாதிரி இன்னொரு அமைப்பை நாளைக்குக் காலையில் யார் வேண்டுமானாலும் கொலம்பஸில் பதிவு செய்யலாம், பணம் யாருடையது என்று சொல்லாமலே தேர்தலில் இறக்கலாம். இதை மாற்றச் சட்டமன்றத்தில் மசோதா போட்டவர்கள் உண்டு, நிறைவேறியதாக ஒன்றும் இல்லை. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைப் பற்றி எழுதிக் கேட்டேன். மரியாதையான பதில் வந்தது, மசோதா குழுவின் பரிசீலனையில் இருக்கிறதாம். எந்தக் குழு, அடுத்த கூட்டம் எந்தத் தேதியில், பொதுமக்கள் சாட்சி சொல்லப் பேர் கொடுப்பது எப்படி என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். நூலக வாசலில் கையெழுத்துப் போட்ட இன்னும் சில பேரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.